எறும்பு மொய்க்கும் கடிகாரம்: ஓவியம் – கேள்வி பதில்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில் ஸ்பானிய ஓவியர் சால்வடோர் டாலி 1931இல் வரைந்த ‘நினைவின் நீடிப்பு’ ஓவியத்தை அச்சிட்டிருந்தோம். மேசை விளிம்பில் கடிகாரங்கள் குழைந்து வழியும் அந்தப் படம்தான். அதைப் பார்த்துவிட்டு சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கேள்விகள் வந்தன. ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: இந்தப் படத்துக்கு விளக்கம் எழுதி வரும்படி ஆசிரியர் சொல்லியிருக்கிறார். இணையத்தில் தேடினால் ஒருவர் இது ஐன்ஸ்டீனின் சார்புக் கோட்பாடு என்கிறார், இன்னொருவர் மரண பயம் என்கிறார். புலனத்தில் வந்த ஒரு செய்தியோ ‘நேரத்தை வீணாக்காதே’ என்பதுதான் கருத்து என்கிறது. எதை எழுதினால் சரி?
– படிவம் 5 மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: மூன்றையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். ‘கடிகாரம் என்றால் காலம்’ என்று ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் போதும், படத்தைத் திறக்காமலே இவற்றை எழுதிவிடலாம். படத்தைப் பார்க்காமலே எழுத முடிகிற விளக்கம் படத்தைப் பற்றியது ஆகாது.

முதல் 10 நிமிடம் பேனாவைத் தொடாமல் பாருங்கள். அதன் பிறகு கண்ணில் பட்ட பொருள்களை மட்டும் எழுதுங்கள், அர்த்தம் வேண்டாம். இடப்பக்கக் கீழ் மூலையில் பழுப்பு நிற மேடை. அதன்மேல் மூடியபடி கவிழ்ந்து கிடக்கும் ஆரஞ்சு நிறக் கடிகாரம், அதை மொய்க்கும் எறும்புகள். பக்கத்தில் மேடை விளிம்பில் வழியும் கடிகாரம், அதன்மேல் ஒரே ஓர் ஈ. மேடையிலிருந்தே முளைத்து நிற்கும் பட்டுப்போன ஒலிவ மரம், அதன் கிளையில் ஈரத்துணி காயப்போட்டதுபோல் மூன்றாவது கடிகாரம். நடுவில், தரையில், நீண்ட இமைமயிரோடு ஒரு வெளிறிய உருவம், முகமா வேறெதுவுமா என்று தெரியாதபடி. அதன் முதுகில் குதிரைச் சேணம்போல் நான்காவது. தூரத்தில் கடல், வெயில் பட்ட பாறைகள். நிமிர்ந்து நிற்கும் மனிதர் ஒருவர்கூட இல்லை.

இப்போது எண்ணுங்கள். கடிகாரம் நான்கு, குழைந்தவை மூன்று, நாலாவது கெட்டியாகவே இருக்கிறது. ‘எல்லாக் கடிகாரங்களும் உருகுகின்றன’ என்று எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். எறும்பு மொய்ப்பதோ அந்தக் கெட்டியான கடிகாரத்தை. எறும்பு வரும் இடத்தில் தின்ன ஏதாவது இருக்க வேண்டும், அல்லது அழுக வேண்டும். உலோகம் அழுகாது. உருகாமல் தப்பித்த கடிகாரத்தையும் செத்த உயிரைப்போல ஆக்கிவிட்டார் டாலி. இதைப் பிடித்துவிட்டீர்கள் என்றால் உங்கள் விளக்கம் ஏற்கெனவே பாதி எழுந்துவிட்டது.

அடுத்து வடிவம். எப்படி வரைந்திருக்கிறார் என்பதைத் தொடாமல் அர்த்தத்துக்குத் தாவினால் மதிப்பெண் போகும், படமும் கைவிட்டுப் போகும். வழியும் கடிகாரத்தின் விளிம்பை உற்றுப் பாருங்கள். உலோகப் பளபளப்பு அப்படியே இருக்கிறது, எடை மட்டும் துணியின் எடைபோல் தொங்குகிறது. கண் ‘உலோகம்’ என்கிறது, தொங்கும் வளைவு ‘துணி’ என்கிறது. உங்கள் பாடத்தில் ‘ஜாலினான் தம்பாக்’ என்று படித்திருப்பீர்களே, கண்ணால் மட்டும் உணரும் மேற்பரப்பு, அதை இங்கே கொண்டுவந்து எழுதலாம். தூரிகைத் தடம் தெரியாத வழுவழுப்பான வேலை இது. தடம் தெரிந்திருந்தால் ‘ஓவியர் கற்பனையாக வரைந்தார்’ என்று சொல்லித் தப்பித்துவிடுவோம். தடம் இல்லாததால் நடந்ததை நம்ப வேண்டியிருக்கிறது. வெளிச்சமும் அப்படித்தான். நமக்குப் பக்கத்தில் இருப்பது நிழலில் கிடக்கிறது, வெயிலோ எட்டாத பாறையில் விழுகிறது. சாதாரணமாகத் தூரத்துப் பொருள் மங்க வேண்டும். இங்கே பாறைகள் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக இருக்கின்றன.

அந்தப் பாறைகள் கற்பனை அல்ல. ஸ்பெயினின் கட்டலோனியாவில், டாலி வாழ்ந்த கடற்கரையையொட்டிய கிரியுஸ் முனைப் பாறைகள். முதலில் அந்த நிலக்காட்சியையும் மரத்தையும் வரைந்து வைத்திருந்ததாகவும், ஒருநாள் இரவு உணவுக்குப் பின் கமெம்பேர் என்னும் குழைந்த பாலாடைக்கட்டியைப் பார்த்தபடி யோசித்தபோது கடிகாரங்கள் தோன்றியதாகவும் தன் வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். ஓவியர் சொல்வது ஒரு சாட்சியம், தீர்ப்பு அல்ல. என்றாலும் சார்புக் கோட்பாட்டை எழுதுகிறவர் இந்தச் சாட்சியத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், படத்திலிருந்தும் ஓர் ஆதாரம் காட்ட வேண்டும். இரண்டையும் செய்தவர்களை அதிகம் பார்க்க முடிவதில்லை.

மரண பயம் என்ற விளக்கத்துக்குப் படத்தில் மூன்று பிடி இருக்கிறது: எறும்பு, ஈ, பட்ட மரம். ஆகவே அது நிற்கும். ‘நேரத்தை வீணாக்காதே’ என்பதற்கு ஒரு பிடியும் இல்லை. எங்கள் வாசிப்பு தலைப்பிலிருந்து தொடங்குகிறது. தலைப்பில் ‘காலம்’ என்ற சொல்லே கிடையாது, ‘நினைவு’ இருக்கிறது. தூங்கும் ஓர் உருவம். அதைச் சுற்றி, சட்டைப்பையில் வைக்கும் கைக்கடக்கமான கடிகாரங்கள் பிடிப்பிழந்து தொங்குகின்றன. குழையாமலும் அழுகாமலும் நிற்பது பழகிய ஊரின் பாறை மட்டும். மணி கரைந்து போகிறது, ஊர் நினைவில் கூர்மையாக நிற்கிறது. இதோடு நீங்கள் உடன்பட வேண்டியதில்லை. உங்கள் வாசிப்புக்கும் இதேபோல் படத்தின் எந்த மூலை, எந்த வெளிச்சம் என்று கை வைத்துக் காட்டினால் போதும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. நீங்கள் முக்கியம் என்று சொன்ன பொருளை மனத்துக்குள் மாற்றிப் பாருங்கள். கடிகாரத்துக்குப் பதில் குழைந்த தட்டு என்றால் விளக்கம் நிற்குமா? எறும்பை எடுத்துவிட்டால்? எதை மாற்றினாலும் உங்கள் விளக்கம் அசையாமல் நிற்கிறது என்றால் அது படத்தோடு ஒட்டவில்லை என்று அர்த்தம்.

அளவையும் எழுத மறக்காதீர்கள். இந்த ஓவியம் 24 சென்டிமீட்டர் உயரம், 33 சென்டிமீட்டர் அகலம், ஏ4 தாளைவிடச் சற்றே பெரிது. கைப்பேசியில் எல்லாப் படமும் ஒரே அளவாகிவிடுவதால் இதைச் சுவரளவு ஓவியம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பழைய நாளிதழில் அதே அளவு வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்தில் மெக்சிகோ ஓவியர் ஃபிரிடா காலோவின் ‘இரு ஃபிரிடாக்கள்’ (1939) அளவுக்கு ஏறத்தாழ 173 சென்டிமீட்டர் சதுரம் நூல் கட்டிப் பாருங்கள். அது ஆள் உயரத்துக்கு எதிரே நிற்கும். இதையோ ஒருவர் மட்டும் குனிந்து, கடிதம் படிப்பதுபோல்தான் பார்க்க முடியும்.

கேள்வி: முட்டை, எறும்பு, இழுப்பறை, ஆப்பிள், தொப்பி என்று ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என ஒரு பட்டியல் வெளியிட்டால் தேர்வுக்கு உதவியாக இருக்குமே?
– மாணவர் ஒருவரின் தந்தை, சுங்கை சிப்புட்

பதில்: பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் ‘பாம்பைக் கண்டால் இது, யானையைக் கண்டால் அது’ என்று கனாப்பலன் இருக்கும். அதுபோல் ஒரு பட்டியல் கேட்கிறீர்கள். கொடுத்தால் பிள்ளைக்குக் கெடுதல். டாலியைப் போல் கனவையும் அடிமனத்தையும் வரைந்த சர்ரியலிஸ்டுகள் பெரிதும் மதித்த உளவியலாளர் சிக்மண்ட் ஃபிராய்டின் ‘கனவுகளின் விளக்கம்’ 1899இன் இறுதியில் வெளிவந்தது. அதில் அவர் முதன்மையாக நம்பியது கனவு கண்டவரே ஒவ்வொரு துண்டையும் தொட்டு, அதையொட்டித் தனக்குத் தோன்றுவதைச் சொல்லச் செய்யும் முறையை. எல்லார் கனவுக்கும் ஒரே சாவி என்ற பழைய முறையை அவர் போதாது என்றுதான் கருதினார்.

ஆப்பிளையே எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ஜிய ஓவியர் ரெனே மாக்ரித் 1952இல் வரைந்த ‘கேட்கும் அறை’யில் ஒரு பச்சை ஆப்பிள் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு உத்தரத்தை முட்டுகிறது. 1964இல் வரைந்த ‘மனித குமாரன்’ ஓவியத்தில் அதே பச்சை ஆப்பிள், தொப்பி அணிந்த ஒருவரின் முகத்துக்கு முன்னால் மிதந்து அதை மறைக்கிறது. முதலாவதில் மூச்சு முட்டுகிறது. இரண்டாவதில் மறைந்திருப்பதைப் பார்க்கக் கண் தவிக்கிறது. பழம் ஒன்றுதான், அளவும் இடமும் மாறியதும் வேலை மாறிவிட்டது. ஆதாம் ஏவாள் கதையை இரண்டுக்கும் பொதுவாக எழுதினால் இரண்டுமே தவறிப் போகும்.

ஒரே ஓவியர் ஒரு பொருளைத் திரும்பத் திரும்ப வரைந்தால் அதை மட்டும் அவரளவில் குறித்துவைக்கலாம். டாலியிடம் எறும்பு அழுகலின் பக்கம், இழுப்பறை மனத்துக்குள் பூட்டி வைத்தவற்றின் பக்கம் நிற்கும். 1936இல் வீனஸ் சிலையின் உடலிலேயே இழுப்பறைகள் வைத்தார். அந்தக் குறிப்பை மாக்ரித்திடம் கொண்டுபோகக் கூடாது.

கேள்வி: நம் கோயில்களில் யாளி இருக்கிறது. தாராசுரத்தில் யானையும் காளையும் ஒரே தலையில் ஒட்டிய சிற்பத்தைப் படத்தில் பார்த்திருக்கிறேன். இதைத்தானே இவர்கள் 800 ஆண்டு கழித்துச் செய்தார்கள்? நம்முடையதையும் சர்ரியலிசம் என்று சொல்லலாம் அல்லவா?
– பணி ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். கண்ணின் வேலையில் இரண்டும் உடன்பிறப்பு, மனத்தின் வேலையில் வேறு வேறு. இரண்டையும் கலந்துவிட்டால் இரண்டின் அருமையும் போய்விடும்.

கண்ணின் வேலையை முதலில் பார்ப்போம். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் இராசராச சோழன் காலத்தது, 12ஆம் நூற்றாண்டு. அங்கே உள்ள ரிஷப குஞ்சரத்தில் உடல் இரண்டு, தலை ஒன்று. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் மிஞ்சுவது காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. சிற்பி இரண்டு தலையை ஒட்டவில்லை. ஒரே கோடு, ஒரே மேடு இரண்டு விலங்குக்கும் உழைக்கும்படி செதுக்கினார். கோடு எங்கே யானையை விட்டுக் காளைக்குப் போகிறது என்று விரலால் தடவிப் பார்த்தால்தான் அந்தக் கணக்கு புரியும்.

இதே கணக்கை டாலி 1937இல் ‘நார்சிசஸின் உருமாற்றம்’ ஓவியத்தில் கையாள்கிறார். தன் நிழலழகில் மயங்கிப் பூவாகிப் போன இளைஞனைப் பற்றிய கிரேக்கக் கதை அது. இடப்பக்கம் தண்ணீரில் குந்தி, முழங்காலில் தலை சாய்த்த இளைஞன், பொன்னிறத்தில். வலப்பக்கம் அதே வெளிக்கோட்டில் ஒரு கல் கை, சாம்பல் நிறத்தில். அதன் விரல் நுனியில் ஒரு முட்டை, வெடித்த முட்டையிலிருந்து நார்சிசஸ் பூ. இளைஞனின் தலை இருந்த இடத்தில் முட்டை, மடங்கிய கைகால் இருந்த இடத்தில் விரல்கள். கொஞ்சம் விலகி நின்று, கண்ணை அசைக்காமல் பார்த்தால் இளைஞன் மெல்ல மறைந்துவிடுவான் என்று டாலியே வழி சொல்லி வைத்தார். 1938இல் லண்டனில் ஃபிராய்டைச் சந்தித்தபோது கையில் கொண்டுபோனதும் இந்த ஓவியத்தைத்தான்.

தாராசுரத்தில் இரண்டு உருவமும் ஒரே கல்லில் சேர்ந்திருக்கின்றன, பார்ப்பவர் கையால் மறைத்துப் பிரிக்கிறார். டாலி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார்ப்பவர் மனத்தில் ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றச் சொல்கிறார். முதலாவது சேர்ந்திருப்பதன் விளையாட்டு. இரண்டாவதில் முன் பின் இருக்கிறது: சதை கல்லாகிறது, பொன் சாம்பலாகிறது. கதையையே அவர் வெளிக்கோட்டாலும் நிறத்தாலும் நடத்திக்காட்டுகிறார்.

மனத்தின் வேலை எங்கே பிரிகிறது? மயில் முருகனுடையது, காளை சிவனுடையது என்று கோயிலுக்கு வரும் குழந்தைக்கும் தெரியும். அது ஊர்ப்பொதுவான மொழி, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. சர்ரியலிசமோ 1924இல் பாரிசில் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் அறிக்கை எழுதித் தொடங்கி வைத்த இயக்கம். அறிவின் கண்காணிப்பும் ஒழுக்கத்தின் கண்காணிப்பும் இல்லாமல் அடிமனம் பேசட்டும் என்பது அதன் அடிப்படை. அந்தப் பொதுமொழியை வேண்டுமென்றே விட்டு வெளியே போனவர்கள் அவர்கள். பொதுமொழிக்குள் நின்றுகொண்டு கையின் வல்லமையைக் காட்டியவர் நம் சிற்பி. அவருக்கு 1924ஆம் ஆண்டின் பட்டம் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஒரு பாறை கழுகு, இன்னொன்று ஒட்டகம் என்று கிரியுஸ் முனைப் பாறைகளுக்கு அந்த ஊர் மீனவர்கள் பெயர் வைத்திருந்தார்கள், நடந்து போகப் போக ஒரே பாறை வேறு உருவமாக மாறும். டாலியின் இரட்டை உருவத்துக்கு அதுவும் ஒரு பள்ளிக்கூடம். ஈப்போவிலிருந்து உங்கள் ஊருக்கு வரும் வழியில் சுண்ணாம்புக் குன்றுகள் நிற்கின்றன. பேருந்து சன்னலோரம் உட்கார்ந்து, வெள்ளைக் கீறலும் செடிப் புதரும் எப்போது முகமாகிறது, எந்த வளைவில் அது கலைகிறது என்று பேரப்பிள்ளைகளோடு பாருங்கள்.

கேள்வி: மாக்ரித்தின் ‘காதலர்கள்’ ஓவியத்தில் இருவர் முகத்திலும் துணி. அவருடைய அம்மா ஆற்றில் விழுந்து இறந்ததால்தான் அப்படி வரைந்தார் என்று படித்தேன். அது போதுமா?
– கல்லூரி மாணவி, கோலகங்சார்

பதில்: போதாது. மாக்ரித்தின் தாயார் 1912இல் சாம்ப்ரே ஆற்றில் இறந்தது உண்மை, அப்போது மகனுக்கு 13 வயது. தன் படங்களுக்கு இந்தச் சாவைக் காரணமாக்குவதை மாக்ரித் விரும்பியதில்லை. வாழ்க்கை வரலாற்றைக் கடைசியில், ஒரு வரியில், ‘இப்படியும் வாசிக்கப்படுகிறது’ என்று வையுங்கள். முதலில் வைத்தால் கண் அதற்குமேல் வேலை செய்யாது.

1928இல் இதே தலைப்பில் அவர் வரைந்த இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருப்பதில் இருவரும் முத்தமிடுகிறார்கள். அறைக்குள், சுவருக்கும் உத்தரத்துக்கும் நடுவே நெருக்கி, தோளுக்குக் கீழே வெட்டி வரைந்திருக்கிறார். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருப்பதில் இருவரும் வெட்டவெளியில், பச்சை நிலத்துக்கு முன்னால், புகைப்படத்துக்கு நிற்பதுபோல் தலையோடு தலை சேர்த்து நம்மைப் பார்க்கிறார்கள். துணி இரண்டிலும் உண்டு. முதலாவதில் அது தொடுகையைத் தடுக்கிறது. இரண்டாவதில் அடையாளத்தைத் தடுக்கிறது, யாருடைய படம் என்றே சொல்ல முடியாமல் போகிறது. ஆற்றுச் சாவு இந்த வேறுபாட்டை விளக்காது. இடமும் நெருக்கமும் விளக்கும்.

கேள்வி: மாக்ரித்தின் ‘கொல்கொண்டா’ படத்தைப் பார்த்ததும் எனக்குத் தோட்டத்துப் பிரட்டுதான் (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் வரிசை) நினைவுக்கு வந்தது. வரிசை வரிசையாக ஒரே மாதிரி நிற்கும் ஆட்கள். இப்படிச் சொன்னால் தவறா? ஐதராபாத் பக்கத்துக் கோட்டையின் பெயர் எப்படி அதற்கு வந்தது?
– வாசகி, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றிலிருந்து

பதில்: தவறில்லை. ஆனால் ‘மாக்ரித் பிரட்டை வரைந்தார்’ என்று எழுதாமல் ‘எனக்குப் பிரட்டு நினைவு வருகிறது, காரணம் இது’ என்று எழுதுங்கள். அந்தக் காரணத்தைப் படத்திலிருந்து எடுக்க வேண்டும்.

1953இல் வரைந்த இந்த ஓவியம் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மெனில் தொகுப்பில் இருக்கிறது. கறுத்த மேலங்கி, வட்டத் தொப்பி அணிந்த ஆண்கள், சிவப்பு ஓட்டுக் கூரை வீடுகளுக்கு முன்னால் வானம் முழுவதும் நிரம்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து பாருங்கள். கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல் ஒழுங்கான இடைவெளி, கிட்டத்தில் பெரிய உருவம், தூரத்தில் சிறியது என்று அடுக்கடுக்காக. ‘மழைபோல் கொட்டுகிறார்கள்’ என்று பலர் எழுதுகிறார்கள். கொட்டுவதற்கு ஆதாரம் எங்கே? மேலங்கி பறக்கவில்லை, தொப்பி கழலவில்லை, கை கால் பதறவில்லை. விழுகிறார்களா, எழுகிறார்களா, நிற்கிறார்களா என்று முடிவு சொல்லும் ஒரு குறிப்பும் இல்லை. அந்த முடிவின்மைதான் படம். எல்லாரும் ஒரே திசையைப் பார்க்கவும் இல்லை, சிலர் முன்னோக்கி, சிலர் பக்கவாட்டில். உங்கள் பிரட்டு ஒப்பீட்டை இங்கே கூர்மையாக்கலாம். பிரட்டில் பெயர் கூப்பிடும் ஒருவர் எதிரே நிற்பார், எல்லாக் கண்ணும் அவர்மேல் இருக்கும். இங்கே கூப்பிடுகிறவர் இல்லை, ஆனாலும் வரிசை கலையவில்லை. ஒற்றுமையைவிட இந்த வேறுபாடு உங்கள் கட்டுரைக்கு அதிகம் தரும்.

தலைப்பு, மாக்ரித்தின் நண்பரான கவிஞர் லூயி ஸ்குத்தனேர் கொடுத்தது. வைரத்துக்குப் பேர்போன கொல்கொண்டா ஐரோப்பிய மொழிகளில் ‘அள்ள அள்ளக் குறையாத செல்வம்’ என்பதற்கு இன்னொரு பெயராகவே ஆகிப்போனது. இன்று அது இடிந்த கோட்டை. ஒரே அச்சில் வார்த்த மனிதர்கள் நிறைந்த வானத்துக்குப் ‘பெருஞ்செல்வம்’ என்று பெயர் வைத்தால் என்ன ஆகிறது என்று கேளுங்கள். படத்தின் அடியில் எழுதும் விளக்கக் குறிப்பாக மாக்ரித் தலைப்பை வைப்பதில்லை, படத்தோடு உரசும் இன்னொரு பொருளாகவே வைக்கிறார். அதனால் தலைப்பைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால் படத்தில் வைரம் தேடப் போய்விடுவோம்.

கேள்வி: மகளுக்கு 16 வயது. பால்மரம் (ரப்பர் மரம்), பால் பிடிக்கும் மங்கு, பட்டை சீவும் உளி இவற்றை வைத்து சர்ரியலிச ஓவியம் ஒன்று செய்ய ஆசைப்படுகிறாள். வெறுமனே விநோதமாக வரைந்தால் போதுமா? எங்கிருந்து தொடங்குவது?
– தாய், சுங்கை சிப்புட்

பதில்: விநோதம் எளிது, நம்பவைப்பதுதான் கடினம். கையைப் பழக்க உரசு முறையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஜெர்மானிய ஓவியர் மக்ஸ் எர்ன்ஸ்ட் 1925 ஆகஸ்டில், பிரான்சின் கடற்கரை விடுதி ஒன்றில், தேய்ந்த பலகைத் தரைமேல் தாளை வைத்துக் கரிக்கோலால் தேய்த்தபோது பிடித்துக்கொண்ட முறை இது. அப்படிச் செய்த 34 படங்கள் 1926இல் ஒரு தொகுப்பாக வந்தன. மரவரிகள் காடாகவும் பறவையாகவும் அவருக்குத் தெரிந்தன.

தாள்: சாதாரண 70 அல்லது 80 கிராம் ஏ4 நகல் தாள் போதும். தடித்த வரைதாளில் பட்டையின் நுணுக்கம் ஏறாது. 6பி பென்சில், அல்லது உறையை உரித்த மெழுகு வண்ணக்குச்சி. தாளின் நான்கு ஓரத்தையும் ஒட்டுநாடாவால் பிடிக்க வேண்டும், பாதியில் நகர்ந்தால் வரி இரட்டையாகிவிடும். பென்சிலை ஏறக்குறையப் படுக்கவைத்து, லேசாக, ஒரே திசையில் தேய்க்க வேண்டும். அழுத்தினால் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும், அல்லது முனை தாளைக் குத்திவிடும். காலையில் பட்டை பனியில் ஈரமாக இருக்கும், தாள் ஊறிக் கிழியும். பட்டை காய்ந்த பிறகு, மழைக்கு முன்னால் போவது நல்லது. அன்று வெட்டிய பட்டைமேல் தாளை வைக்கக் கூடாது. பால் கசிந்து தாள் ஒட்டும், காய்ந்தால் பழுப்புக் கறை விழும், வெட்டுக்காயத்தைத் தேய்ப்பது மரத்துக்கும் நல்லதல்ல. பழைய வெட்டு ஆறிய பட்டையைத் தேர்ந்தெடுங்கள், தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு. இடமிருந்து வலமாகச் சாய்ந்து இறங்கும் வெட்டுக்கோட்டின் தடம் தாளில் அழகாக விழும்.

ஐந்தாறு தாள் ஆனதும், ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தில் ஓர் உருவம் தலைகாட்டுகிறதோ அந்தப் பக்கம் நிறுத்தி, பென்சிலால் அதை மட்டும் எடுத்துக்காட்ட வேண்டும். முன்கூட்டியே ‘மயில் வரையப்போகிறேன்’ என்று முடிவு செய்தால் தாள் பேச வந்ததைக் கேட்காமல் விட்டதாக ஆகிவிடும்.

வண்ணத்தில் செய்ய வேண்டுமென்றால், ஸ்பானிய ஓவியர் ஒஸ்கார் தொமிங்கேஸ் 1930களின் நடுவில் கையாண்ட அழுத்திப் பிரிக்கும் முறை இருக்கிறது. வழுவழுப்பான தாளில் சுவரொட்டி வண்ணத்தை டின்பால் பதத்தில் தடவி, இன்னொரு தாளை வைத்து உள்ளங்கையால் அழுத்தி, ஒரு மூலையிலிருந்து நிதானமாகப் பிரிக்க வேண்டும். வேர், பவளம், பாசி போன்ற கிளைகள் வரும். தண்ணீர் கூடினால் குளமாகத் தேங்கும். அதிக நேரம் விட்டால் இரு தாளும் ஒட்டிப் பிய்ந்துவிடும்.

இனி மங்கும் உளியும். ஒரு பொருளுக்கு மூன்று வகை மாற்றம் செய்யலாம்: அளவை மாற்றுவது, எதனால் ஆனது என்பதை மாற்றுவது, இருக்கும் இடத்தை மாற்றுவது. ஒரு படத்தில் ஒரு மாற்றம் மட்டும். மங்கை வீட்டைவிடப் பெரிதாக்கி, அதைத் துணியாகவும் ஆக்கி, கடலிலும் மிதக்கவிட்டால் பார்ப்பவருக்குப் பிடிமானம் போய்விடும். லயத்து வாசலில் சாதாரணப் பகல் வெளிச்சம், சாதாரணக் கொடிக்கயிறு, அதில் துணிகளுக்கு நடுவே காயும் ஒரு மங்கு, கிளிப் மாட்டிய இடத்தில் சட்டைபோல் மடிந்து. அவ்வளவு போதும். மங்கின் விளிம்பில் பீங்கானின் பளபளப்பு மாறக் கூடாது, மடிப்பு மட்டும் துணியினுடையதாக இருக்க வேண்டும். கொடியில் ஒரு சட்டையையும் நிஜ மங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டையும் பார்த்துப் பார்த்து வரைந்தால்தான் இது கைகூடும்.

பெரும்பாலான பிள்ளைகளின் படம் விழுவது நிழலில். சட்டையின் நிழல் வலப்பக்கம், மங்கின் நிழல் இடப்பக்கம் என்றானால் மங்கு வெட்டி ஒட்டியதுபோல் தெரியும். வரையத் தொடங்கும்போதே தாளின் ஓரத்தில் சூரியன் எங்கே என்று ஒரு சிறு அம்புக்குறி போட்டுக்கொள்ளட்டும். அடிவானக் கோட்டையும் முதலிலேயே இழுத்து, எல்லாப் பொருளையும் அந்த ஒரே கண்மட்டத்தில் நிறுத்த வேண்டும். ஏ3 தாளில் பென்சில் வரைவுக்கு மட்டும் இரண்டு நாள் ஒதுக்கலாம். வண்ணத்தைத் தூரத்து மரங்களிலிருந்து தொடங்கி, மங்கைக் கடைசியில் தீட்டட்டும்.